ஐஸ் பெட்டி இல்லாத தீவு

எங்கள் ஆபீஸில் நல்ல செய்தி சொல்ல வேண்டிய ஊர்களுக்கு அமெரிக்காக்காரர்களே போய்விடுவார்கள். கை குலுக்குவார்கள், கேக் வெட்டுவார்கள், மேயரோடு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். கெட்ட செய்தி என்றால்தான் அவர்களுக்குச் சிறுசேரி ஆபீஸில் இருக்கும் எங்கள் ஞாபகம் வரும். போன பிப்ரவரியில் என்னை அனுப்பியது அப்படித்தான். "கணக்குப் போட்டது நீதானே முரளி, நீயே போய் விளக்கிவிடு" என்று மேலதிகாரி மெயில் போட்டார். ஐரோப்பா போகிறோம் என்ற சந்தோஷத்தில் நானும் பல்லைக் காட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நான் பைலட் இல்லை. இதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, இன்னும் ஓசி டிக்கெட் கேட்கிறார்கள். ஓர் அமெரிக்க விமானக் கம்பெனிக்காகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அட்லாண்டிக்கைத் தாண்டி ஐரோப்பாவின் சின்ன ஊர்களுக்கு எந்த ஃப்ளைட்டை விடலாம், எதை நிறுத்தலாம் என்று கணக்குப் போடுவதுதான் என் வேலை. லண்டனும் பாரிஸும் பெரியவர்கள் கையில். பேர் தெரியாத ஊரெல்லாம் எனக்கும் என் டீமில் இருக்கும் ப்ரீத்திக்கும்.

அப்படி எங்கள் கைக்கு வந்த ஊர்தான் இது. அட்லாண்டிக்கின் நடுவில், போர்ச்சுகலுக்குச் சொந்தமான அசோர்ஸ் தீவுகளில் ஒன்று. எந்தத் தீவு என்று சொல்ல மாட்டேன், சொன்னால் கம்பெனியைக் கண்டுபிடித்துவிடுவார்கள், எனக்கு வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறது. அந்தத் தீவுக்காரர்களில் பாதிப் பேர் அமெரிக்காவில், பாஸ்டனைச் சுற்றி இருக்கிறார்கள். பாஸ்டனிலிருந்து எங்கள் விமானம் ஒன்று நேரே அங்கே போய்க்கொண்டிருந்தது. ராத்திரி ஏறினால் விடிகாலையில் தீவு. கோடையில் கூட்டம், குளிர்காலத்தில் பாதி காலி.

அந்தப் பாதியில் ஒரு விசித்திரத்தை ப்ரீத்தி கண்டுபிடித்தாள். "சார், இவங்கள்லாம் யாரு? முந்தின நாள் டிக்கெட் எடுத்து மறுநாளே பறக்கறாங்க. ஜனவரி குளிர்ல அங்க என்ன இருக்கு?"

"சாவுக்குப் போறவங்கம்மா" என்றேன். இதிலெல்லாம் நான் கெட்டிக்காரன். "இவங்களைப் பத்திக் கவலைப்படாத. நேர் ஃப்ளைட் இல்லாட்டி லிஸ்பன் வழியாப் போவாங்க. ஒரு நாள் கூட ஆகும், அவ்ளோதான். எப்படியும் போயே தீரணுமே? எங்க அண்ணன் வரலையா?"

மூன்று வருஷத்துக்கு முன்னால் செம்பாக்கத்தில் எங்கள் அப்பா போனபோது அண்ணன் நியூஜெர்சியில் இருந்தான். மூத்தவன் வந்துதான் கொள்ளி வைக்க வேண்டும். ஹாலில் ஐஸ் பெட்டி வந்து இறங்கியது. கொண்டுவந்தவர் ரொம்பத் தொழில் சுத்தமாகக் கேட்டார். "எத்தினி நாளு வோணும் சார்? மூணு நாள்னா ஒரு ஸ்டெபிலைசர் சேத்து வச்சிட்டுப் போறேன். கரண்ட்டு பேஜாரா கீது இந்த ஏரியால." காலனியில் எல்லாரும் வந்து, "பாடி எப்ப எடுக்கறீங்க?" என்று கேட்டார்கள். "அண்ணன் வரணும்" என்றோம். அதற்குமேல் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள் காலை அவன் மீனம்பாக்கத்தில் இறங்கி, ஜிஎஸ்டி ரோடு டிராஃபிக்கில் மாட்டி, அதற்கும் ஒரு மணி நேரம் காத்திருந்து, பிறகுதான் எடுத்தோம்.

எங்கள் தொழிலில் ரீகேப்ச்சர் என்று ஒரு சமாச்சாரம் உண்டு. ஒரு ஃப்ளைட்டை நிறுத்தினால், அதில் வந்துகொண்டிருந்தவர்களில் எத்தனை பேர் நம்முடைய வேறு வழியில் வருவார்கள் என்கிற ஊகம். சாவுக்குப் போகிறவர்களுக்கு நேராகப் பத்துக்கு ஒன்பது என்று நானே என் கையால் அடித்தேன். அந்த ஒரு கட்டம் மாறியதும் ஷீட் முழுக்கப் பச்சை ஆனது. நிறுத்தினால் நஷ்டமில்லை என்று வந்தது. இரண்டு குளிர்காலம் சோதனையாக நிறுத்திப் பார்த்தார்கள். இனி எல்லாக் குளிர்காலமும் கிடையாது என்று அந்த ஊர் ஏர்போர்ட்காரர்களிடம் சொல்லத்தான் நான் போனேன்.

திங்கட்கிழமை. லிஸ்பனில் ஏறிய சின்ன விமானம் தீவுக்கு மேலே வந்தது, இறங்கப் பார்த்தது, ஆடியது, மறுபடி மேலே போனது. இரண்டாவது தடவையும் அப்படியே. நான் முன் சீட்டைக் கட்டிக்கொண்டேன். பக்கத்து சீட்டுக்காரர் பாட்டுக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் இரண்டு சுளை நீட்டி, "காற்று" என்றார், எதிர் வீட்டு மாமாவைப் பற்றிச் சொல்கிற மாதிரி. பக்கத்துத் தீவில் கொண்டுபோய் இறக்கி, மூன்று மணி நேரம் உட்கார வைத்து, பிறகு கொண்டுவந்து சேர்த்தார்கள். தரையைத் தொட்டதும் எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தாம்பரத்தில் எலெக்ட்ரிக் டிரெயின் சொன்ன நேரத்துக்கு வந்தால்கூட நாம் தட்டியதில்லை.

நான் வந்துவிட்டேன், பெட்டி வரவில்லை. என் ஸ்வெட்டரும் கோட்டும், என் மனைவி சுதா கட்டிக் கொடுத்த தக்காளித் தொக்கும் லிஸ்பனிலேயே தங்கிவிட்டன. என்னை அழைத்துப்போக ஏர்போர்ட் மேனேஜர் துவார்த்தேயே வந்திருந்தார். ஐம்பது வயசு, நரைத்த தாடி, அவசரமில்லாத மனுஷன். அரைக்கைச் சட்டையில் நடுங்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஏர்போர்ட் ஆட்கள் போடும் மஞ்சள் மழைக்கோட்டு ஒன்றைக் கொண்டுவந்து தானே மாட்டிவிட்டார். முதுகில் அந்த ஊர் ஏர்போர்ட் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அவர்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு அவர்கள் ஃப்ளைட்டை வெட்ட வந்திருக்கிறேனே என்று அப்போதே உறுத்தியது. ஆனால் குளிர் அதைவிடப் பெரிசாக இருந்தது.

வழியெல்லாம் பச்சை, கறுப்புக் கல் சுவர், மாடுகள். நம்மூரில் மாடு ரோட்டை மறிக்கும். இங்கே இடமெல்லாம் மாட்டுக்கு, ரோடுதான் ஓரமாக ஒதுங்கிப் போகிறது.

தங்கியது லூர்தெஸ் என்ற அம்மாவின் வீட்டு மாடியில். ஐம்பத்தைந்து வயசிருக்கும். தாம்பரத்தில் தெருவுக்கு ஒரு லூர்து மேரி உண்டு என்பதால் பேரைக் கேட்டதுமே பாதி ஊர்க்காரி ஆகிவிட்டார். மனசுக்குள் லூர்தெஸ் அக்கா என்றே கூப்பிட ஆரம்பித்தேன். சின்ன வயசில் சில வருஷம் பாஸ்டன் பக்கம் தையல் ஃபேக்டரியில் இருந்திருக்கிறார், அதனால் இங்கிலீஷ் நன்றாகவே பேசினார். புருஷன் பாவ்லோ மாடு வளர்க்கிறவர். பாவ்லோவுக்கு இங்கிலீஷ் வராது, சிரிப்பு வரும்.

சாயங்காலமே சாப்பாடு. மண்சட்டி நிறையக் கமகமவென்று குழம்பு, உள்ளே மாட்டுக்கறி. எனக்கு அது பழக்கமில்லை என்று சங்கடத்தோடு சொன்னேன். மாடு வளர்க்கிறவர் வீட்டில் இதைச் சொல்வதைவிட அவரையே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பாவ்லோ என்னை ரொம்ப நேரம் பரிதாபமாகப் பார்த்தார். அக்கா கீரை சூப்பும், சோள ரொட்டியும், வெள்ளை வெளேரென்று பச்சைப் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து வைத்தார். அதற்குமேல் சிவப்பாக ஒரு விழுது. வாயில் வைத்தேன், மிளகாய்! உப்புப் போட்டு அரைத்த சுத்தமான மிளகாய்! மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

அப்போதுதான் அக்கா சொன்னார். அவருடைய அப்பா மனுவேல், எண்பத்தேழு வயசு, ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மூச்சு சரியில்லை. அம்மா பகலெல்லாம் அங்கேதான். தங்கை கிராசா பாஸ்டன் பக்கம் ஒரு ஸ்கூல் கேன்டீனில் வேலை பார்க்கிறாள், போன மாசம்தான் வந்து பத்து நாள் இருந்துவிட்டு லீவு முடிந்து போனாள்.

"நீங்க ஏர்லைன்லதானே வேலை?" என்று கேட்டார். "அந்த பாஸ்டன் ப்ளேன் குளிர்காலத்துல மறுபடி எப்போ வரும்? உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே."

"நான் வெறும் கம்ப்யூட்டர் வேலைங்க. அதெல்லாம் பெரிய ஆளுங்க முடிவு பண்றது" என்றேன். பொய். நாக்கு கூசாமல் சொன்னேன். இன்னொரு தட்டு பாலாடைக்கட்டியும் வாங்கிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மீட்டிங். பெட்டி வரவில்லை, மஞ்சள் கோட்டோடுதான் போனேன். ஏர்போர்ட் மாடியில் சின்ன அறை, துவார்த்தே மட்டும். எங்களுக்கு நாலு பேர் சேர்ந்தாலே ஒரு கான்ஃபரன்ஸ் ரூம், இரண்டு கூஜா காபி வேண்டும். அவர் தானே காபி போட்டுக் கொடுத்துவிட்டு, நான் காட்டிய ஸ்லைடுகளை எல்லாம் பொறுமையாகப் பார்த்தார். நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது. நம் ஆட்கள் என்றால் இரண்டாவது ஸ்லைடிலேயே சண்டை ஆரம்பித்திருக்கும்.

முடித்ததும் சொன்னார். "குளிர்காலத்துல எங்களுக்கு டூரிஸ்ட் கிடையாது, ஒத்துக்கறேன். ஆனா ஒவ்வொரு தடவையும் அந்த ப்ளேன்லேர்ந்து கறுப்பு உடுப்புல நாலு பேராவது இறங்குவாங்க. இப்போ அவங்க வர்றதில்லை."

"லிஸ்பன் வழியா வரலாமே. டிக்கெட் கூட ரொம்ப வித்தியாசமில்லை."

"வரலாம். வந்து என்ன பண்றது?" என்றார். "நாங்க மறுநாளே அடக்கம் பண்ணிடுவோம்."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு அது உறைக்கவே இல்லை. பேரத்துக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். சொந்த மகள் வராமல் எந்த ஊரில் எடுப்பார்கள்? நோட்டில் 'சரிபார்க்கவும்' என்று மட்டும் எழுதிக்கொண்டேன்.

மத்தியானம் அறைக்கு வந்து ஷீட்டைத் திறந்தேன். நேர் விமானம் நின்ற முதல் குளிர்காலத்தின் நிஜக் கணக்கு அதிலேயே இருந்தது. கடைசி நாளில் டிக்கெட் எடுக்கிறவர்களில், நான் பத்துக்கு ஒன்பது என்று போட்ட இடத்தில், இரண்டு பேர்கூட லிஸ்பன் வழியாக வரவில்லை. பக்கத்தில் ப்ரீத்தியின் மஞ்சள் குறிப்பு, 'சார், இவங்க எங்க போனாங்க?' அதன் கீழே என் பதில், 'ஒரு சீசனை வச்சு முடிவு பண்ணாத.' அவள் கேட்டது சரியான கேள்வி. ஆறு மாசமாக அது அங்கேயே இருந்திருக்கிறது. எனக்குக் காது மடல் சுட்டது.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பெட்டி வந்தது. திறந்து தொக்கு பாட்டில் உடையவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே போன் அடித்தது, பிறகு ஒரு சத்தமும் இல்லை. இறங்கிப் போனால் அக்கா சமையல்கட்டில் போனைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். அப்பா போய்விட்டார்.

எனக்கு இந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். அதாவது தெரியும் என்று நினைத்தேன். "தங்கச்சிக்குச் சொல்லியாச்சா? நீங்க எதையும் யோசிக்காதீங்க, டிக்கெட்டை நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லி ப்ரீத்தியைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம் நாலு மணி, சீட்டில்தான் இருந்தாள்.

"இன்னிக்கு சாயங்காலம் பாஸ்டன்ல கிளம்பினா வியாழக்கிழமை மத்தியானம் ஒண்ணரைக்குத் தீவுல இறங்கலாம் சார். லிஸ்பன் வழி. அதுக்கு முன்னாடி சேர்ற மாதிரி ஒண்ணுமே இல்லை" என்றாள். பிறகு அவளே, "நேர் ஃப்ளைட் இருந்திருந்தா காலைல ஆறு மணிக்கே வந்திருப்பாங்க" என்றாள்.

"தெரியும்மா. டிக்கெட்டைப் போடு" என்றேன்.

பாஸ்டன்காரர்கள் லிஸ்பன் போய் இந்தத் தீவுக்கு வருவது, தென்மாவட்ட ரயில் தாம்பரத்தில் நிற்காமல் எழும்பூர் போய், அங்கிருந்து எலெக்ட்ரிக் டிரெயினில் நாம் தாம்பரத்துக்கே திரும்புகிற கதைதான். தலைக்கு மேலேயே பறந்து போய்விட்டுத் திரும்ப வர வேண்டும். போன வருஷம் இந்த உவமையை மீட்டிங்கில் சொல்லிச் சிரிப்பு வாங்கினவன் நான்.

அக்காவிடம் போய்ப் பெருமையாகவே சொன்னேன், நாளைக்கு ஒண்ணரைக்கு வந்துவிடுவார் என்று. அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "அடக்கம் பதினொரு மணிக்கு" என்றார்.

"அதான் தங்கச்சி வர்றாங்களே. அதுக்கப்புறம் வச்சுக்கலாமே?"

"எதுக்கப்புறம்?"

நான் எங்கள் ஊர் ஐஸ் பெட்டியைப் பற்றி விளக்கினேன். கண்ணாடி மூடி, உள்ளே குளிர், ஹாலில் வைப்போம், இரண்டு நாள் மூன்று நாள் ஆனாலும் இருக்கும், எங்கள் அப்பாவை அப்படித்தான் வைத்திருந்தோம், அண்ணன் வரும் வரைக்கும். கையால் அளவு காட்டிக்கூடச் சொன்னேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவின் அம்மாவைப் பாவ்லோ கூட்டி வந்திருந்தார். ஒல்லியான உடம்பு, நேரான முதுகு. அக்கா நான் சொன்னதை அவரிடம் போர்ச்சுகீசியத்தில் சொல்ல, அந்த அம்மா என்னைப் பார்த்துப் பேசினார். அக்கா திருப்பிச் சொன்னார்.

"அவர் நாப்பது வருஷம் பால் வண்டி ஓட்டினவர். ஒரு வீட்டைக்கூடக் காக்க வச்சதில்லை. அவரை நான் காக்க வைக்க மாட்டேன்னு சொல்றாங்க."

"ரெண்டரை மணி நேரம்தானேக்கா?" தமிழிலேயே அக்கா என்று வந்துவிட்டது.

"ப்ளேன் வந்தா ரெண்டரை மணி நேரம். திங்கட்கிழமை உங்க ப்ளேன் என்ன ஆச்சு? ஃபாதருக்கு நாளைக்குச் சாயங்காலம் தீவோட அந்தக் கோடியில இன்னொரு அடக்கம் இருக்கு. போன வருஷம் எதிர் வீட்டுக்காரங்க மகனுக்காக நிறுத்தி வச்சாங்க. காத்து. ப்ளேன் வரவே இல்லை. அதுக்கப்புறம் இங்க யாரும் ப்ளேனை நம்பி எதையும் நிறுத்தறதில்லை."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேற்று துவார்த்தே சொன்னது பேரமே இல்லை. இவர்களுக்கு இறந்தவரை வைத்திருப்பது அவமரியாதை, நமக்கு வைத்திருக்காமல் எடுப்பது அவமரியாதை. செம்பாக்கத்து ஹாலை அளவாக வைத்துக்கொண்டு ஒரு தீவையே அளந்திருக்கிறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, யாரையாவது கேட்டிருக்கலாம். 'உங்க ஊர்ல எப்ப எடுப்பீங்க?' காலனியில் சின்னப் பிள்ளைகூடக் கேட்கிற கேள்வி. கேட்காமல் பத்துக்கு ஒன்பது போட்டேன்.

அறைக்கு ஓடிப்போய் அந்தக் கட்டத்தை மாற்றினேன். பச்சையெல்லாம் சிவப்பானது. ஏன் என்று ஒரு பக்கம் எழுதி, தவறு என்னுடையது என்று ஒப்புக்கொண்டு, மேலதிகாரிக்கு அனுப்பினேன். அவசரத்தில் இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை.

மனுவேலைச் சர்ச்சுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் கிடத்தியிருந்தார்கள். சாயங்காலம் நானும் போய் நின்றேன். ஊரே வந்து போனது. அழுகைச் சத்தம் இல்லை, பறை இல்லை, ஷாமியானா இல்லை. ஆனால் துக்க வீட்டில் அடுப்புப் பற்ற வைக்கக் கூடாது என்று எதிர் வீட்டிலிருந்து சூப் வந்தது, அது மட்டும் அப்படியே நம்மூர். ஒரு பெரியவர் என்னிடம் வந்து ஏதோ கேட்டார். பக்கத்திலிருந்தவர் இங்கிலீஷில் சொன்னார், "மனுவேலுக்கு நீங்க என்ன உறவுன்னு கேக்கறார்." மாடியில் குடியிருக்கிறேன் என்றேன். வேறு எதுவும் சொல்லத் தைரியம் வரவில்லை.

வியாழக்கிழமை காலை பதில் வந்திருந்தது. 'நல்ல கண்டுபிடிப்பு முரளி. அடுத்த திட்டத்தில் கட்டாயம் சேர்த்துக்கொள்வோம். அந்த விமானத்தை இனிக் குளிர்காலத்தில் கரீபியன் பக்கம் விடுவதாக முடிவாகிவிட்டது, டிக்கெட்டும் விற்க ஆரம்பித்தாகிவிட்டது. பயணம் இனிதாக அமையட்டும்.' மூன்று தடவை படித்தேன். கோபித்துத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். பாராட்டியிருக்கிறார்.

அன்றைக்குக் காற்றே இல்லை. பாழாய்ப்போன காற்று, திங்கட்கிழமை என்னை இரண்டு தடவை தூக்கியடித்த காற்று, இன்றைக்கு இலையைக்கூட அசைக்கவில்லை. வெள்ளைச் சுவர் போட்ட கல்லறைத் தோட்டம், கீழே கடல். சரியாகப் பதினொரு மணி. இப்போது லிஸ்பனில் கிராசாவின் விமானம் கிளம்பியிருக்கும் என்று கணக்குப் போட்டேன். கணக்குப் போடாமல் இருக்க எனக்குத் தெரியவில்லை. பாஸ்டனில் இருந்திருந்தாலாவது போனில் பார்த்திருப்பார். நான் போட்டுக்கொடுத்த டிக்கெட்டால் அந்த நேரத்தில் அவர் வானத்தில் இருந்தார், அதுவும் இல்லாமல் போனது. சவப்பெட்டியைக் குழியில் இறக்கும்போது அக்கா மேலே ஒரு தடவை பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

கிராசா வரும் அதே விமானம்தான் திரும்ப லிஸ்பன் போகிறது, அதில்தான் எனக்கு டிக்கெட். அதனால் எல்லாரும் ஒரே காரில் கல்லறையிலிருந்து நேரே ஏர்போர்ட்டுக்குப் போனோம். முன்னால் பாவ்லோவும் அம்மாவும், பின்னால் நானும் அக்காவும். ஷூவில் மண் ஒட்டியிருந்தது. மஞ்சள் கோட்டைத் துவார்த்தேயிடம் திருப்பிக் கொடுத்தேன். மெயில் விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "நீங்க முயற்சி பண்ணீங்க" என்றார். இல்லை, நான் முயற்சி பண்ணவேண்டிய நேரத்தில் பண்ணவில்லை, அதைத்தான் அவரிடம் சொல்ல நினைத்தேன், அதற்குள் அவரை யாரோ கூப்பிட்டுவிட்டார்கள்.

ஒண்ணு இருபத்தெட்டுக்கு விமானம் இறங்கியது. இரண்டு நிமிஷம் முன்னதாக. ஒரே ஒரு கைப்பையோடு கறுப்புக் கோட்டில் ஒரு பெண் வந்தார். அக்கா மாதிரியே முகம், கொஞ்சம் குண்டு. ஓடி வரவில்லை. அம்மாவின் ஷூவைப் பார்த்தார். அந்த மண்ணைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அம்மா போய்க் கட்டிக்கொண்டார். ரொம்ப நேரம் அப்படியே நின்றார்கள், சுற்றிப் போகிறவர்கள் டிராலியை ஒதுக்கிக்கொண்டு போனார்கள்.

பிறகு அக்கா என்னைக் காட்டி ஏதோ சொன்னார். கிராசா வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதான் டிக்கெட் பார்த்துக் கொடுத்தீங்களாமே. ரொம்ப நன்றி சார்."

அந்த நன்றியை வாங்கிக்கொண்டு விமானம் ஏற என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். "எனக்கு நன்றி சொல்லாதீங்க. அந்த நேர் ப்ளேனை நிறுத்தலாம்னு கணக்குப் போட்டுக் கொடுத்ததே நான்தான். நீங்க எப்படியும் வந்துடுவீங்க, உங்களுக்காகக் காத்திருப்பாங்கன்னு நினைச்சேன். எங்க ஊர்ல அப்படித்தான். யாரையும் கேக்கலை. தப்பு பண்ணிட்டேன்."

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. திங்கட்கிழமை நான் சொன்ன பொய்யை அவர் நினைத்திருப்பார். கிராசா என் கையை விட்டார். கன்னத்தில் அறைந்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன்.

"அடுத்த குளிர்காலம் அந்த ப்ளேன் வருமா?" என்று மட்டும் கேட்டார்.

"வராது. கோடைல மட்டும்தான்."

அவர் திரும்பி அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா நாற்காலியில் நேராக உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ எங்கம்மா எந்தெந்த மாசம் சாகக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போங்க" என்றார் கிராசா. கோபமே இல்லை. தெரியாமல்தான் கேட்டார். தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, அதனால் கேட்டார்.

எனக்கு அது மனப்பாடம். "நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும்" என்றேன்.

என்ன சொல்கிறார் என்று அந்த அம்மா கேட்டார். அக்கா குனிந்து அவர் காதில் சொன்னார். அந்த அம்மா என்னைப் பார்த்துத் தலையை அசைத்து ஏதோ சொன்னார். அக்கா என் முகத்தைப் பார்க்காமல் திருப்பிச் சொன்னார்.

"சரி, முயற்சி பண்றேன்னு சொல்றாங்க."